இன்டர்நேஷனல் லீக் சாம்பியன் பட்டியல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலில் (மேஜர் லீகுக்குக் கீழே உள்ள தொழில்முறைப் போட்டிகள்) இன்டர்நேஷனல் லீகின் வரலாறு 1884 வரை பின்னோக்கிப் போகிறது. இதன் சாம்பியன்களைப் பட்டியலிட முனைபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். "சாம்பியன்" என்று ஒரே ஒரு கட்டம் போட்டு, மூன்று வெவ்வேறு பட்டங்களை அதில் கொட்டிவிடுகிறார்கள். அந்தக் கலப்படம் நேர்ந்தபின் எந்த அணி எத்தனை முறை வென்றது என்ற கணக்கு எதுவுமே தேறாது.

முதல் பட்டம் பென்னன்ட். லீக் சுற்று முடியும்போது முதலிடத்தில் நிற்கும் அணிக்கு உரியது. 1932 வரை இதை வென்ற அணியே சாம்பியன். 1914இல் பின்னாளில் பேஸ்பால் ஜாம்பவானான பேப் ரூத் சில வாரங்கள் ஆடிய பிராவிடன்ஸ் கிரேஸ் வென்றது இதைத்தான். ஜாக் டன்னின் பால்டிமோர் ஓரியோல்ஸ் 1919 முதல் 1925 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றதும் இதுவே. ஓரியோல்ஸ் "ஏழு முறை கவர்னர்ஸ் கோப்பையை வென்றது" என்று எழுதினால் அது தவறு. அந்தக் கோப்பை அப்போது பிறக்கவே இல்லை.

இரண்டாவது பட்டம் அந்தக் கவர்னர்ஸ் கோப்பை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஒரு அணி ஜூலையிலேயே வெகுதூரம் முந்திவிட்டால் மற்ற ஊர்களில் டிக்கெட் விற்காது. அதற்கு மாண்ட்ரியல் ராயல்ஸ் நிர்வாகி ஃபிராங்க் ஷாக்னெஸி ஒரு வழி சொன்னார்: முதல் நான்கு இடங்களில் வரும் அணிகள் லீக் சுற்று முடிந்தபின் தமக்குள் பிளேஆஃப் தொடர்கள் ஆடட்டும். 1933இல் அது நடைமுறைக்கு வந்தது. லீகில் அணிகள் இருந்த மாநிலங்களின் ஆளுநர்களும் கனடா மாகாணங்களின் துணைநிலை ஆளுநர்களும் கோப்பைக்கு ஆதரவளித்ததால் அந்தப் பெயர். முதல் ஆண்டிலேயே முதலிடம் பிடித்தது நியூவர்க் பேர்ஸ். கோப்பையைத் தூக்கியது நான்காம் இடத்தில் இருந்த பஃபலோ பைசன்ஸ். 1934இல் பென்னன்ட் நியூவர்க்குக்கு, கோப்பை டொரான்டோவுக்கு. 1935இல் மாண்ட்ரியலுக்குப் பென்னன்ட், சிராகியூஸுக்குக் கோப்பை. ஆக, கோப்பை வந்த முதல் மூன்று ஆண்டுகளிலுமே இரண்டும் வெவ்வேறு அணிகளுக்குப் போயின. ஒரே கட்டத்தில் எழுதினால் இதில் பாதி காணாமல் போகும்.

மூன்றாவது, லீகைத் தாண்டிய தொடர். இன்டர்நேஷனல் லீக் சாம்பியனும், அமெரிக்கன் அசோசியேஷன் என்ற மற்றொரு மைனர் லீகின் சாம்பியனும் மோதிய ஜூனியர் வேர்ல்டு சீரிஸ் இதில் முக்கியமானது. கடைசியாக 1975இல் நடந்தது. 1937 நியூவர்க் பேர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 109 வெற்றி, 43 தோல்வி. இரண்டாம் இடத்தைவிட 25.5 ஆட்டங்கள் முன்னே. பிளேஆஃபில் இரண்டு தொடர்களையும் 4-0 என்று முடித்தது. பிறகு கொலம்பஸ் ரெட் பேர்ட்ஸுடன் சொந்த மைதானத்தில் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று, கொலம்பஸுக்குப் போய் அடுத்த நான்கையும் வென்றது. ஒரே ஆண்டில் மூன்று பட்டங்கள். ஜாக்கி ராபின்சன் ஆடிய 1946 மாண்ட்ரியல் ராயல்ஸும் அப்படியே மூன்றையும் வென்றது. 1959 ஹவானா சுகர் கிங்ஸ் கதை வேறு. லீகில் மூன்றாம் இடம்தான். ஆனால் கோப்பையையும், மினியாபோலிஸை வீழ்த்தி ஜூனியர் வேர்ல்டு சீரிஸையும் எடுத்தது. அந்த ஆண்டு பென்னன்ட் பஃபலோவுக்கு.

எனவே அட்டவணையில் மூன்று தனிக் கட்டங்கள் போடுங்கள். எந்தத் தொடர் நடக்கவில்லையோ அங்கே "நடக்கவில்லை" என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால் பின்னால் வருபவர் ஏதாவது ஒரு பெயரை நிரப்பிவிடுவார்.

பெயர் ஒன்று, அணி வேறு

கோப்பைகளை எண்ணும்போது அதிகம் தவறுவது இங்கேதான். பஃபலோ பைசன்ஸ் என்ற பெயரில் 1933இல் வென்ற அணி 1970 சீசனின் நடுவிலேயே வின்னிபெக்குக்கு இடம்பெயர்ந்துவிட்டது. இன்று அதே பெயரில் ஆடும் அணி 1979இல் ஈஸ்டர்ன் லீகில் தொடங்கி, 1985இல் அமெரிக்கன் அசோசியேஷனுக்கு ஏறி, 1998இல் இன்டர்நேஷனல் லீகுக்கு வந்தது. வந்த ஆண்டிலேயே கோப்பையும் வென்றது. ஊர்க் கணக்கு என்றால் இரண்டையும் கூட்டலாம், அணிக் கணக்கு என்றால் கூடாது. எது உங்கள் கணக்கு என்று அட்டவணையின் மேலேயே சொல்லிவிடுங்கள்.

இதன் மறுபக்கம் நார்ஃபோக் டைட்ஸ். 1972, 1975, 1982, 1983, 1985 ஆகிய ஐந்து கோப்பைகள் டைட்வாட்டர் டைட்ஸ் என்ற பெயரில் வந்தவை. 1993இல் பெயர்தான் மாறியது, அணி அதேதான். இதைக் கவனிக்காதவர்கள் 2023 பட்டத்தை நார்ஃபோக்கின் முதல் பட்டம் என்று எழுதிவிடுகிறார்கள்.

இண்டியானாபோலிஸ் இண்டியன்ஸ் 1963இலும் 2000இலும் கோப்பை வென்றது. "37 ஆண்டு காத்திருப்பு" என்ற தலைப்பு கை தானாக எழுதிவிடும். ஆனால் 1964 முதல் 1997 வரை அந்த அணி இந்த லீகிலேயே இல்லை. முதலில் பசிபிக் கோஸ்ட் லீக் என்ற வேறொரு மைனர் லீக், பிறகு அமெரிக்கன் அசோசியேஷன். அங்கே 1986 முதல் 1989 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள் வென்றது. காத்திருந்த அணியின் வரலாறு அல்ல இது. ஒரு அணியின் இரண்டு பட்டங்களுக்கு இடையே இடைவெளி கணக்கிடும் முன், அந்த ஆண்டுகளில் அது எந்த லீகில் இருந்தது என்று பார்ப்பது கட்டாயம்.

தாய் அணியின், அதாவது மைனர் லீக் அணியைக் கிளையாக வைத்திருக்கும் மேஜர் லீக் அணியின், பெயரிலும் கவனம் வேண்டும். கொலம்பஸ் கிளிப்பர்ஸின் 11 கோப்பைகளில் 1979 முதல் 1996 வரையிலான ஏழு, நியூயார்க் யாங்கீஸின் கிளை அணியாக இருந்தபோது வந்தவை. 2010, 2011, 2015, 2019 ஆகிய நான்கும் கிளீவ்லாந்தின் கிளை அணியாக வென்றவை. இன்றைய தாய் அணியின் பெயரை எல்லா ஆண்டுகளுக்கும் ஒட்டினால் ஏழு வரிகள் பிழையாகும்.

தரநிலையும் அப்படித்தான். மைனர் லீகின் இன்றைய உச்சத் தரமான டிரிபிள்-ஏ என்ற வகை 1946இல்தான் வந்தது. 1937 நியூவர்க்கை "டிரிபிள்-ஏ சாம்பியன்" என்பது பொருந்தாது. அப்போது மைனர் லீகின் உச்சம் டபுள்-ஏ. இன்றைய டபுள்-ஏ அதைவிட ஒரு படி கீழே உள்ள வேறொரு தரம்.

வழக்கம் மாறிய ஆண்டுகள்

2001 இறுதித் தொடரில் ஸ்கிராண்டனுக்கு எதிராக லூயிவில் ஒரு ஆட்டம் வென்றிருந்த நிலையில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. மீதி ஆட்டங்கள் ரத்தாகி, லூயிவில் சாம்பியனாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு பசிபிக் கோஸ்ட் லீக் நியூ ஆர்லியன்ஸ், டகோமா இரண்டையும் கூட்டுச் சாம்பியன்களாக அறிவித்தது. இரண்டு லீகின் முடிவும் ஒன்றுதான் என்று நினைத்து, ஸ்கிராண்டனையும் கூட்டுச் சாம்பியன் என்று சேர்த்துவிடாதீர்கள்.

2020இல் சீசனே இல்லை. 2021இல் லீகின் பெயர் டிரிபிள்-ஏ ஈஸ்ட். 2022இல்தான் பழைய பெயர் திரும்பியது. அந்த ஆண்டு சாம்பியனை லாஸ் வேகஸில் நடந்த ஒற்றை ஆட்டம் தீர்மானித்தது. 2023 முதல் சீசனின் முதல் பாதியை வென்ற அணியும் இரண்டாம் பாதியை வென்ற அணியும் மூன்று ஆட்டத் தொடரில் மோதுகின்றன. இரண்டாம் பாதியில் மட்டும் நன்றாக ஆடிய அணியும் சாம்பியனாகலாம் என்பதால், முழு சீசனின் வெற்றி தோல்வியைத் தனியாகக் குறித்து வைப்பது நல்லது.

இந்த லீகின் சாம்பியனும், இரு லீகுகளின் சாம்பியன்கள் மோதும் ஆட்டத்தில் வெல்லும் டிரிபிள்-ஏ தேசியச் சாம்பியனும் ஒருவரேதான் என்று எண்ணுவது இப்போது பரவலாகிவருகிறது. 2022இல் டர்ஹாம் புல்ஸும் 2023இல் நார்ஃபோக்கும் இரண்டையும் வென்றதால் வந்த பழக்கம் அது. 2024இல் இன்டர்நேஷனல் லீக் பட்டம் ஒமாஹாவுக்குப் போனது. தேசியப் பட்டத்தை ஒமாஹாவை வீழ்த்தி பசிபிக் கோஸ்ட் லீகின் சுகர் லேண்ட் எடுத்தது. அந்த ஒமாஹாவும் 2011, 2013, 2014இல் வென்றவை பசிபிக் கோஸ்ட் லீக் பட்டங்கள். இன்டர்நேஷனல் லீக் கட்டத்தில் அதற்கு 2024 ஒன்று மட்டுமே சேரும்.