‘அருமை’க்குத் தடை: மாணவர்களுக்கு மதிப்புரையும் கருத்துரையும் எழுதக் கற்றுக்கொடுக்கும் முறை

பத்தாம் வகுப்புத் தமிழில் நூல் மதிப்புரை எழுதச் சொல்லி ஒரு பயிற்சி உண்டு. தலைப்பு, மையப்பொருள், மொழிநடை, சிறப்புக்கூறு என்று குறிப்புகளும் தந்திருப்பார்கள். அதை முதன்முதலில் வகுப்பில் கொடுத்தபோது, வந்த நோட்டுகள் எல்லாவற்றிலும் ‘நூலின் மொழிநடை எளிமையாகவும் இனிமையாகவும் உள்ளது’ என்ற ஒரே வரி. பாதிப்பேர் எந்த நூலையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான். குறிப்புகளைக் கொடுத்தேனே தவிர, ஒரு கருத்து எங்கிருந்து முளைக்கிறது என்று காட்டவில்லை. இப்போதெல்லாம் எட்டாம் வகுப்பிலேயே, புத்தகம் இல்லாமல் தொடங்குகிறேன்.

படி 1: கடலைமிட்டாய் வாங்குங்கள்

இரண்டு கடைகளில் வாங்கி, ஆளுக்கு ஒவ்வொரு துண்டு கொடுங்கள். (கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று முன்னாளே கேட்டுவிடுங்கள். இருந்தால் தேன்மிட்டாய்.) ஐந்து நிமிடம், பேசாமல், ரஃப் நோட்டில் எழுத வேண்டும். ‘அருமை’, ‘சூப்பர்’, ‘செம’ என்றுதான் வரும். அவற்றைக் கரும்பலகையில் எழுதி, குறுக்கே கோடு போடுங்கள். இனி இந்தச் சொற்களுக்குத் தடை.

அப்புறம் கேள்வி.

“ஏன் அருமை?”

“நல்லா இருக்கு ஐயா.”

“எது நல்லா இருக்கு?”

“பல்லுல ஒட்டல ஐயா.”

இந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தோம். அதைப் பெரிதாக எழுதிப் போடுங்கள். ஒருவன் வழிகாட்டியதும் மற்றவர்களுக்கும் நாக்கு விழித்துக்கொள்ளும்: பாகு முறுகிக் கசக்கிறது, கடலையில் தோல் இருக்கிறது, மிட்டாய் இளகித் தாளோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பீரியடு முழுக்க இதற்கே போனாலும் அவசரப்பட வேண்டாம்.

படி 2: தகவலா, கருத்தா?

‘கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.’ இது தகவல், சரிபார்த்துக்கொள்ளலாம். ‘கோவில்பட்டி மிட்டாயை மிஞ்ச ஆளில்லை.’ இது கருத்து. இதுவரை எல்லாருக்கும் புரிந்துவிடும். சிக்கல் ‘ஐந்து ரூபாய்க்கு இது ரொம்பச் சின்னது’ போன்ற வரிகளில். ஐந்து ரூபாய் தகவல், ‘ரொம்பச் சின்னது’ கருத்து. இப்படி ஒரே வரியைப் பிரிக்க நாலைந்து முறை பழக்குங்கள், போதும்.

படி 3: இப்போது கதை

நூலகத்திலிருந்து ஐந்தாறு பக்கச் சிறுகதை ஒன்றை எடுத்து வகுப்பில் வாசியுங்கள். கேட்டுக்கொண்டே பிள்ளைகள் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: மனம் நின்ற இடம், கொட்டாவி வந்த இடம். கதைச்சுருக்கம் மூன்று வரிக்கு மேல் கூடாது. இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் மதிப்புரை என்ற பெயரில் முழுக்கதையும் திரும்பி வரும். மீதி இடமெல்லாம் அந்த இரண்டு இடங்களும் ஏன் அப்படி என்பதற்கு.

‘பிடிக்கவில்லை’ என்று எழுத அனுமதி உண்டு என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: “தாத்தா செத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அதுவரை கதையில் தாத்தா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.” பாத்திரப்படைப்பு என்று நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இது வந்திருக்காது.

பாடநூலின் குறிப்புகளை இதற்குப் பிறகு கொடுங்கள். அவற்றில் நிரப்ப இப்போது அவர்களிடம் சரக்கு இருக்கும்.

படி 4: கருத்துரையும் ஓர் ‘ஆனால்’லும்

‘கைப்பேசி நன்மையா தீமையா’ வேண்டவே வேண்டாம். பட்டிமன்றத்தில் கேட்டதை அப்படியே எழுதிவிடுவார்கள். அவர்கள் கண்ணால் பார்க்கிற விஷயமாக இருக்கட்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக. பெரிய வகுப்புகளுக்கும் அது தேவையா? நான் கொடுத்த தலைப்பு இது.

முதல் பத்தியில் தன் நிலை. அடுத்து காரணம், அதுவும் தான் பார்த்ததிலிருந்து: ‘அம்மா ஆறரைக்கே வேலைக்குப் போய்விடுவார்’ என்பது போல. பிறகு நோட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் அடியில் ‘ஆனால்’ என்று தொடங்கி ஒரு மறுப்பு எழுதுவார்: ‘ஆனால், சமைக்கிற அக்காவுக்கு வேலை கூடுமே?’ எழுதியவர் அதற்குப் பதில் சொல்லித்தான் கட்டுரையை முடிக்க முடியும். பதில் இல்லாமல் தன் நிலையையே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. மாற்றட்டும்.

ஒரு எச்சரிக்கை. ‘காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் கை தூக்குங்கள்’ என்று கேட்டுவிடாதீர்கள். கணக்கு வேண்டுமென்றால் பெயரில்லாத துண்டுச்சீட்டு.

படி 5: திருத்துவது

பத்து மதிப்பெண்ணில் காரணத்துக்கு நான்கு, தெளிவான நிலை, ‘ஆனால்’லுக்குப் பதில், மொழி ஒவ்வொன்றுக்கும் இரண்டு. அவர்கள் கருத்து உங்களுக்கு ஒத்துவராவிட்டாலும் சிவப்பு மையால் வாதாட வேண்டாம். ஓரத்தில் ‘எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று மட்டும் எழுதுங்கள். ர, ற குழப்பத்தை இரண்டாம் முறை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மொத்தம் ஐந்து பீரியடு ஆகும். மிட்டாய் பீரியடை மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்காதீர்கள். வயிறு நிறைந்திருக்கும்போது எதைக் கேட்டாலும் “பரவால்ல ஐயா”தான்.