‘ரன்’, ‘செட்’: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சறுக்கும் இடங்கள்

பழைய வேலையை ஏன் விட்டாய் என்று இன்டர்வியூவில் கேட்டதற்கு, “தி ஜாப் வாஸ் நாட் செட்” என்று சொல்லிவிட்டு வந்தான் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் தம்பி ஒருவன். கேட்டவருக்குப் புரியவே இல்லையாம். ‘செட் ஆகலை’ என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். சொல்தான் ஆங்கிலம், அந்தப் பொருள் நாம் கொடுத்தது. ஒத்துவரவில்லை என்பதற்கு ‘இட் டிட்ன்ட் வொர்க் அவுட்’ என்று சொல்லுங்கள்.

ஆனால் கொத்தனார், “கான்கிரீட் செட் ஆகட்டும், கால் வைக்காதீங்க” என்கிறாரே, அது அசல் ஆங்கிலப் பொருள். இளகி இருந்தது இறுகுவது. தயிருக்கும் அதேதான். ராத்திரி உறை ஊற்றிய பாத்திரத்தைக் காலையில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். அசையாமல் நின்றால், ‘தி கர்ட் ஹாஸ் செட்’. சூரியன் மறைவதற்கும் அலாரம் வைப்பதற்கும் இதே சொல். இறந்தகாலத்திலும் செட்தான், ‘செட்டட்’ கிடையவே கிடையாது.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’. பிறகு திருத்தியபோது ‘ரன்’ முந்திவிட்டது; வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள்.

நமக்கோ ரன் என்றால் ஓடு. பஸ் ஓடும், மெஷின் ஓடும், படம் 100 நாள் ஓடும். மூன்றுக்கும் ரன் சரியாகவே பொருந்துகிறது. அந்தப் பொருத்தத்தை நம்பித்தான் ஏமாறுகிறோம். ‘படம் ஓடல’ என்பதை ‘தி ஃபிலிம் டிட் நாட் ரன்’ என்றால், தியேட்டரில் காட்சியே நடக்கவில்லை என்று நினைப்பார்கள். தோற்ற படம் ‘ஃப்ளாப்ட்’. வீட்டில் டிவி ஓடினால் ‘தி டிவி இஸ் ஆன்’.

தமிழில் ஓடாததெல்லாம் அங்கே ஓடும். கடை நடத்துவது, துவைத்த துணியில் சாயம் இறங்குவது, மூக்கு ஒழுகுவது எல்லாமே ரன். தேர்தலில் நாம் நிற்கிறோம், அமெரிக்காவில் ஓடுகிறார்கள்! பிரிட்டனில் மட்டும் நம்மைப் போலவே ‘ஸ்டாண்ட்’.

ரன் அவுட்டைக் கிரிக்கெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். சமைக்கும்போது சிலிண்டர் தீர்ந்தால் ‘கேஸ் இஸ் ஓவர்’ என்கிறோம். ‘வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்’ என்பதே இயல்பான ஆங்கிலம். ‘ஹாவ்’ வந்துவிட்டதால் அங்கே ‘ரன்’தான், ‘ரேன்’ அல்ல.