மாமாவுக்கு வந்தது மருமகளுக்கும் வருமா? கொப்பியில் வரைந்து பார்க்கும் முறை

என் தம்பிக்கு உளச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று டொக்டர் சொல்லி இருபது வருடம் ஆகிறது. திருகோணமலை உப்புவெளியில் எங்களோடுதான் இருக்கிறான். மாதம் ஒரு ஊசி, இரவில் குளிசை. காலையில் முற்றம் கூட்டுவது அவன் வேலை. போன வருடம் மகளுக்குக் கல்யாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளையின் தாய் குசினிக்குள் வந்து, "மாமாவுக்கு இருக்கிறதாமே, பிள்ளைக்கும் வருமா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. பல இரவு நானும் அதையே நினைத்துப் படுத்திருக்கிறேன். பதில் தேடிப் போன வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். நடுப்பக்கத்தை விரித்து, நோய் உள்ளவரை நடுவில் போடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மேலே தாய் தகப்பன், அதற்கும் மேலே அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா. பக்கத்தில் சகோதரங்கள், கீழே பிள்ளைகள். நோய் இருந்தவரின் கட்டத்தைப் பென்சிலால் நிரப்பி, தொடங்கிய வயதையும் எழுதுங்கள். பேனை வேண்டாம், கட்டாயம் அழித்து எழுத வரும்.

கஷ்டம் விசாரிப்பதில்தான். சாம்பல்தீவில் இருக்கும் பெரியம்மாவிடம், "எங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா?" என்று நேரே கேட்டேன். "சீ, அப்படி ஒருத்தரும் இல்லை" என்று வாயை மூடிக்கொண்டார். அடுத்த முறை போனபோது அவரோடு இருந்து முருங்கை இலை உருவியபடி வேறு விதமாகக் கேட்டேன். படிப்பை இடையில் விட்டு அறைக்குள்ளேயே கிடந்தவர் உண்டா? செய்வினை என்று கழிப்புக் கழித்தது யாருக்கு? யாரையாவது அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா? அப்போதுதான் அம்மப்பாவின் தம்பி வெளியே வந்தார். கோயில் வாசலில் தனக்குத் தானே கதைத்தபடி இருந்தவராம். பெரியம்மா சொல்லும்போது கையில் இருந்த இலை அப்படியே நின்றது.

முழுதாக நோய்ப்படாமல், ஆனால் வாழ்நாள் முழுக்க எல்லோரையும் சந்தேகித்து, விநோதமான நம்பிக்கைகளோடு ஒதுங்கி இருந்தவர்களையும் விசாரியுங்கள். இந்த நோய் உள்ள குடும்பங்களில் அந்தச் சுபாவமும் சற்றுக் கூடுதலாகக் காணப்படும். அவர்களுக்குப் பாதிக் கட்டம் நிரப்பினேன். தனிமை விரும்புகிற எல்லோரையும் நிரப்பிவிடாதீர்கள், அது அநியாயம். பிறவியிலேயே இருதயக் கோளாறு, அண்ணப் பிளவு இருந்தவர்களையும் குறியுங்கள். மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் 22ஆவதில் சிறு துண்டு இல்லாமல் பிறக்கிறவர்களிடம் இவை வரலாம். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பின்னாளில் உளச்சிதைவு போன்ற நோய் வருகிறது. இது அரிது, ஆனால் டொக்டருக்குத் தெரிய வேண்டும்.

இனி எண்கள். பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. ஐரோப்பியக் குடும்பங்களில் நடந்த ஆய்வுகளை அமெரிக்க உளவியலாளர் இர்விங் கொட்டெஸ்மன் 1991இல் தொகுத்தார். அதன்படி சகோதரத்துக்கு 100இல் 9, பிள்ளைக்கு 13, சகோதரத்தின் பிள்ளைகளான மருமக்களுக்கு 4. உருவமொத்த இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு 48தான். 2018இல் டென்மார்க்கில் பார்த்தபோது அதுவும் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. இரத்தம் மட்டும் தீர்மானிப்பதானால் அது 100 ஆக இருந்திருக்க வேண்டுமே. மாப்பிள்ளையின் தாய்க்கு அந்த 4ஐத்தான் கொப்பியில் காட்டினேன், 96ஐயும் சேர்த்து.

"மரபணுச் சோதனை செய்தால் தெரியாதா?" என்று என் மகள் கேட்டாள். 2022இல் வந்த பெரிய ஆய்வு மரபணுத் தொகுப்பில் 287 இடங்களை இந்த நோயோடு தொடர்புபடுத்தியது. பெரும்பாலும் ஒவ்வொன்றும் துளித் துளியாகத்தான் கூட்டுகிறது. ஆகவே வரும், வராது என்று ஒரு சோதனையால் சொல்ல முடியாது.

சரி, ஸ்கேன்? தம்பிக்கு ஸ்கேன் எடுக்க நான் இரண்டு காப்பையும் அடகு வைத்தேன். அறிக்கையில் ஒன்றும் இல்லை என்று இருந்தது. "ஒன்றும் இல்லையென்றால் பிள்ளை ஏன் இப்படி?" என்று அம்மா அழுதா. அம்மாவுக்கு அன்று சொல்லத் தெரியாததை இப்போது சொல்கிறேன். 1976இலேயே லண்டனில் மனநல டொக்டர் ஈவ் ஜோன்ஸ்டனும் கூட இருந்தவர்களும், இந்த நோயாளிகளின் மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் பெருத்திருப்பதை ஸ்கேனில் கண்டார்கள். 2016இல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தபோது, ஞாபகத்துக்கு உதவும் ஹிப்போகம்பஸ் கொஞ்சம் சிறுத்திருந்தது. ஆனால் இதெல்லாம் சராசரி. சந்தையில் இரண்டு கூடை கீரிமீன் இருக்கிறது, ஒரு கூடை மீன் சராசரியில் சற்றுச் சிறிது என்று வையுங்கள். ஒரு மீனைக் கையில் தந்து எந்தக் கூடை என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. நோயில்லாத சகோதரங்களிலும் சிறு வித்தியாசம் தெரிவதுண்டு. டொக்டர் ஸ்கேன் கேட்பது கட்டி, இரத்தக்கசிவு போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அவர் கேட்டால் எடுங்கள். நோயை நிரூபிக்க என்று காப்பை அடகு வைக்காதீர்கள்.

கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். கடைசிப் பக்கத்தை வளரும் பிள்ளைகளுக்கு விடுங்கள்: நித்திரை மாறுவது, படிப்பு திடீரென்று விழுவது, சிநேகிதரை விட்டு ஒதுங்குவது, இல்லாத குரல் கேட்பது. திகதியோடு எழுதுங்கள். குடும்பத்தில் நோய் உள்ள பிள்ளைகளிடம் கஞ்சா பற்றி வெளிப்படையாகக் கதையுங்கள், அது ஆபத்தைக் கூட்டுகிறது. தம்பியின் மாற்றத்தை நாங்கள் இரண்டு வருடம் வயதுக் கோளாறு என்று விட்டோம். நீங்கள் இரண்டு கிழமைக்கு மேல் பொறுக்க வேண்டாம். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழையுங்கள்.