அஃபெக்டா, எஃபெக்டா? குழப்பம் தீர ஒரு வழி

மழையால் விற்பனை குறைந்ததைப் பற்றி ஒருமுறை ஆபீசில் மெயில் போட்டேன். அஃபெக்ட் வரவேண்டிய இடத்தில் எஃபெக்ட். யாரும் எதுவும் சொல்லவில்லை; மறுநாள் நானே பார்த்து நொந்துகொண்டேன். முதல் எழுத்து ஒன்றில் ஏ, மற்றதில் ஈ, அவ்வளவுதான் வித்தியாசம். வேகமாகப் பேசினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். அதனால் காதை நம்பாதீர்கள்.

படி 1: அகராதியில் சொல்வகையைப் பாருங்கள்

நாம் நேராகப் பொருளுக்குத் தாவிவிடுகிறோம். அதற்கு முன்னால் வெர்ப், நவுன் என்று சின்னதாகப் போட்டிருப்பதுதான் இங்கே முக்கியம். அஃபெக்ட் பெரும்பாலும் வினைச்சொல், எஃபெக்ட் பெரும்பாலும் பெயர்ச்சொல்.

படி 2: தமிழ் ஜோடியோடு சேர்த்து வையுங்கள்

நடி, நடிப்பு. படி, படிப்பு. அதே மாதிரி பாதி, பாதிப்பு. 'பாதித்தது' என்றால் அஃபெக்ட். 'பாதிப்பு', 'விளைவு' என்றால் எஃபெக்ட். மாத்திரையோடு மடித்து வைத்திருக்கும் தாளில் இருப்பது சைடு எஃபெக்ட்ஸ், அதாவது பக்கவிளைவுகள். புயல் செய்தியில் வருவது அஃபெக்டட் ஏரியாஸ், பாதிக்கப்பட்ட பகுதிகள்.

படி 3: பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

தமிழை மட்டும் நம்பினால் ஓர் இடத்தில் வழுக்கும். நம் 'பாதி'யில் கெட்டது நடந்த வாடை உண்டு. அஃபெக்ட் நல்லதற்கும் வரும். 'இசை மனதில் தாக்கத்தை ஏற்படுத்துகிறது' என்கிறோம். 'தாக்கம்' பெயர்ச்சொல்லாயிற்றே என்று எஃபெக்ட் போடத் தோன்றும். ஆனால் அந்த முழுத் தொடரையும் ஆங்கிலத்தில் அஃபெக்ட் என்ற ஒரே வினை சொல்லிவிடும். என் மெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு விதமாகவும் எழுதலாம்:

தி ரெயின் அஃபெக்டட் அவர் சேல்ஸ்.
தி ரெயின் ஹேட் அன் எஃபெக்ட் ஆன் அவர் சேல்ஸ்.

முன்னால் அன், தி, நோ மாதிரி ஒரு சொல் நின்றால் எஃபெக்ட். வில், கேன், டிட் நாட் நின்றால் அஃபெக்ட்.

படி 4: விதிவிலக்கு

எஃபெக்ட் வினையாகவும் வரும்: 'எஃபெக்ட் எ சேஞ்ச்' என்றால் மாற்றத்தைக் கொண்டுவருவது. உளவியலில் அஃபெக்ட் பெயர்ச்சொல். உணர்ச்சி வெளிப்பாட்டைக் குறிக்கும், முதல் அசையை அழுத்திச் சொல்வார்கள். ஆரம்பத்தில் இரண்டையும் ஓரமாக வைத்துவிடுங்கள். 'கம் இன்டு எஃபெக்ட்' மட்டும் கட்டாயம் வேண்டும். அமலுக்கு வருவது என்று பொருள். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று 'கேம் இன்டு எஃபெக்ட்'.

சரி, இப்போது நீங்கள் நிரப்புங்கள்:

1. தி நியூ டைமிங் வில் ____ எவ்ரிஒன்.
2. தி டேப்லெட் ஹேட் நோ ____.

முதலாவதில் வில் நிற்கிறது, அதனால் அஃபெக்ட். இரண்டாவதில் நோ, அதனால் எஃபெக்ட்.