சிவப்புக்கண் மரத்தவளை வளர்ப்பு: ஈரம் எவ்வளவு, காற்று எவ்வளவு

மூன்று வருடமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் சிவப்புக்கண் மரத்தவளைகள் இருக்கின்றன. டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் ஒரு அடுக்குமாடி வீடு. முதலில் வாங்கியவை மூன்று. அவற்றில் ஒன்றை முதல் குளிர்காலத்திலேயே இழந்தேன். ஏன் போனது என்று தேடித் தெரிந்துகொண்டதும், அதன்பின் மாற்றிக்கொண்டதும்தான் இந்தப் பதிவு. புதிதாகத் தொடங்குபவர்கள் நான்காவது படியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

1. எந்தத் தவளை, யாரிடம் வாங்குவது

இதன் அறிவியல் பெயர் அகாலிக்னிஸ் காலிட்ரையாஸ். தெற்கு மெக்சிகோவிலிருந்து கோஸ்டாரிகா, பனாமா வழியாகக் கொலம்பியாவின் வடமேற்கு மூலை வரை ஈரமான தாழ்நிலக் காடுகளில் வாழ்கிறது. ஆண் சுமார் 5 சென்டிமீட்டர், பெண் 7 வரை வளரும். பகலெல்லாம் இலையின் அடியில் கைகால்களை உடம்போடு ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெறும் பச்சைப் பொட்டாகத் தூங்கும். விளக்கு அணைந்த பிறகு எழுந்து கால்களை நீட்டும்போதுதான் விலாவின் நீலமும் மஞ்சளும், அந்தச் சிவப்புக் கண்ணும் வெளியே வரும். பகலில் விளையாடும் பிராணி வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது.

காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள். அகாலிக்னிஸ் இனங்கள் 2010 முதல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. பிடித்து அனுப்பப்பட்டவை ஒட்டுண்ணிகளோடும் பயணக் களைப்போடும் வரும், பல நாள் தாங்காது. தவளைகளை வீட்டில் பெருக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நகராட்சியின் தடைசெய்யப்பட்ட விலங்குகள் பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வாங்கும் முன் அது சாப்பிடுவதை நேரில் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு மாதமாவது தனி டப்பாவில், ஈரமான பேப்பர் துண்டு விரித்து, ஒரு செடியும் தண்ணீர்க் கிண்ணமும் மட்டும் வைத்து வளருங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் எச்சத்தை ஊர்வன, தவளை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் பரிசோதித்துவிடலாம்.

2. பெட்டி

45 x 45 x 60 சென்டிமீட்டர், உயரவாக்கில், முன்பக்கம் கதவு திறக்கும் கண்ணாடிப் பெட்டி. மூன்று தவளைக்கு இது போதும். மேல்மூடி முழுதும் கம்பிவலை, கதவுக்குக் கீழே ஒரு காற்றுத் துளை வரிசை, இரண்டும் இருக்க வேண்டும். நான் வைத்திருப்பது மாண்ட்ரியலைச் சேர்ந்த ஹேகன் நிறுவனத்தின் எக்ஸோ டெர்ரா. மேலே மட்டும் திறக்கும் மீன் தொட்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். மேலிருந்து கை இறங்கினால் ஏதோ பறவை பாய்கிறது என்று தவளை மிரளும், கீழே காற்றுக்கு வழியும் கிடையாது.

அடியில் இரண்டு அங்குலம் களிமண் உருண்டை, அதன்மேல் ஒரு வலைத்துணி, அதன்மேல் மூன்று அங்குலம் தென்னை நார்த்தூளும் மரப்பட்டைத் துண்டும் கலந்த மண். மேலே காய்ந்த இலைச் சருகு. செடிக்கு மணி பிளான்ட் போதும். இலை அகலமாக, தவளையின் எடையைத் தாங்கும் அளவுக்குத் தடிப்பாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். கடையில் வாங்கிய செடியை இலை இலையாகக் கழுவி, பழைய மண்ணை வேரிலிருந்து உதறிவிட்டு நடுங்கள், அதில் பூச்சிமருந்து இருக்கும்.

3. தண்ணீர்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. இரவில் கீழே இறங்கி வந்து, கிண்ணத்தில் பின்கால்களை அகட்டி, அடிவயிற்றை அப்படியே தண்ணீரில் பதித்து உட்காரும். அந்தத் தோல் வழியாகத்தான் நீர் உள்ளே போகிறது. கூடவே தண்ணீரில் கலந்திருப்பதெல்லாமும் போகிறது.

ஊரில் நாம் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும் என்போம். டொராண்டோ தண்ணீரில் குளோரினோடு அம்மோனியாவும் சேர்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து குளோரமின் ஆகும், அது திறந்து வைத்தாலும் எளிதில் போகாது. மீன் தொட்டிக்கு விற்கும் வாட்டர் கண்டிஷனர் வாங்குங்கள், புட்டியில் குளோரமின் என்ற சொல் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். ராத்திரி அதிலேயே மலம் கழித்துவிட்டுப் போகும்.

4. ஈரப்பதம்: நான் தவறிய இடம்

எல்லாக் குறிப்புகளும் "ஈரப்பதம் 80 சதவீதம்" என்கின்றன. டிசம்பரில் இங்கே வீட்டு ஹீட்டர் ஓட ஆரம்பித்தால் அறைக்காற்று வறண்டு, ஈரப்பதமானி 25, 30 என்று காட்டும். மேல்வலை வழியாக ஈரமெல்லாம் ஓடிவிடுகிறது என்று நினைத்து, சமையலறையில் இருந்த பிளாஸ்டிக் தாளை வலைமேல் ஒட்டி, ஒரு நாளைக்கு நாலு தடவை தண்ணீர் தெளித்தேன். எண் 95க்குப் போய் அங்கேயே நின்றது. கண்ணாடியெல்லாம் முத்து முத்தாக நீர். ரொம்பச் சரியாகச் செய்கிறேன் என்றுதான் இருந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு தவளை பகலில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு விழித்திருந்தது. கண்ணாடிக்கு வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிவயிற்றில், மாவு போல வெளுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், ஊசி குத்தியது போல இளஞ்சிவப்புப் புள்ளிகள். மருத்துவர் பாக்டீரியா தொற்று என்றார். மருந்து தொடங்கினோம், ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. மற்ற இரண்டும் பேப்பர் துண்டு விரித்த டப்பாவில் மூன்று வாரம் இருந்து தேறின.

காரணத்தைப் பிறகு புரிந்துகொண்டேன். தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது. அந்தத் தோல் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் காற்றே நகராத இடத்தில், எப்போதும் நனைந்த இலைமேல் படுத்தே கிடந்தால் அழுக்கு நீரில் பெருகும் கிருமிகள் அதன்மேல் ஏறிவிடும். காட்டில் இரவு மழை பெய்யும், பகலில் காற்றடித்து இலை உலரும். அந்தச் சுற்று பெட்டிக்குள்ளும் நடக்க வேண்டும்.

இப்போது செய்வது இது. விளக்கு அணைவதற்குச் சற்று முன், இலைகளிலிருந்து நீர் சொட்டும் வரை ஒரே தெளிப்பு. எண் 85, 90 வரை ஏறும். காலையில் கண்ணாடியில் லேசான தெளிப்பு. மதியத்துக்குள் 50, 60க்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் மறுநாள் காலைத் தெளிப்பு கிடையாது. மேல்வலையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு கண்ணாடித் தகட்டால் மூடியிருக்கிறேன், மீதி திறப்பு. முன்பக்கக் கீழ்த்துளையை ஒருபோதும் மூடுவதில்லை. கீழே குளிர்ந்த காற்று நுழைந்து, விளக்கின் சூட்டில் மேலே எழும்பி, வலை வழியாக வெளியேறும். அறைக்கு ஒரு ஹியூமிடிஃபையர் வைத்து 40 சதவீதத்தில் நிறுத்தியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு ஒரு டிஷ்யூ காகிதத்தை இலையின் அடியில் ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனையக் கூடாது. விரலால் மண்ணைக் கிளறினால் ஈரம் தட்ட வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் சரி. முள் சுற்றும் வட்ட ஈரப்பதமானியை வாங்காதீர்கள். என்னிடம் இருந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 20 சதவீதம் வித்தியாசம் காட்டின. கம்பி நீட்டிய டிஜிட்டல் கருவிதான் நல்லது.

5. சூடும் வெளிச்சமும்

பகலில் 24 முதல் 27 டிகிரி, இரவில் 20, 21. பெரும்பாலும் விளக்கின் சூடே போதும். 30ஐத் தாண்டவிடாதீர்கள். சூடேற்றும் கல், சிவப்பு பல்ப் இரண்டும் வேண்டாம். குறைந்த அளவு புற ஊதா விளக்கு ஒன்றை வலைமேல் வைத்திருக்கிறேன். கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும், அதனால் தகடு இல்லாத பகுதியில்தான் வைக்க வேண்டும். 12 மணி நேரம் டைமரில்.

6. சாப்பாடு

சுவர்க்கோழிப் பூச்சி, அதாவது கடையில் கிரிக்கெட் என்று விற்பது. தவளையின் இரண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது. வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து, குட்டிக்குத் தினமும். பூச்சிக்கு முந்தின நாள் கேரட்டும் கீரையும் கொடுத்து, போடும் முன் கால்சியம் டி3 பொடியில் புரட்டி எடுங்கள். வாரம் ஒருமுறை விட்டமின் பொடி. அதில் ரெட்டினால் வடிவில் விட்டமின் ஏ இருக்கிறதா என்று பாருங்கள், பீட்டா கரோட்டின் மட்டும் இருந்தால் தவளைக்கு அவ்வளவாகப் பயன்படாது. தின்னாமல் விட்ட பூச்சிகளைக் காலையில் எடுத்துவிடுங்கள், தூங்கும் தவளையைக் கடிக்கும்.

அது விழுங்கும்போது பாருங்கள். கண் இரண்டும் உள்ளே அமுங்கி, இரையைத் தொண்டைக்குள் தள்ளும். என் மகள் இதைப் பார்ப்பதற்காகவே ராத்திரி ஒன்பதரை வரை விழித்திருப்பாள்.

7. தொடலாமா?

தேவையிருந்தால் மட்டும். பொடி போடாத நைட்ரைல் கையுறை, அதையும் கண்டிஷனர் கலந்த நீரில் கழுவிவிட்டு. நம் வீட்டுக் கைகளில் தேங்காய் எண்ணெய், மஞ்சள், சோப்பு ஏதாவது ஒன்று இருக்கும். அதெல்லாம் அந்தத் தோலுக்குள் இறங்கும். அதே காரணத்துக்காகப் பெட்டி இருக்கும் அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, ரூம் ஸ்பிரே எதுவும் வைப்பதில்லை. பூஜை அலமாரியை அடுத்த அறைக்கு மாற்றினோம். தவளை சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும், எனவே பெட்டியில் கை வைத்தபின் சோப்பால் கழுவுங்கள். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

பின்சேர்க்கை 1: முட்டையிட வைப்பது எப்படி என்று கேட்கிறார்கள். முதல் வருடம் வேண்டாம். தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையில் முட்டையிடும், பொரிந்த தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழும். பாம்பு வாய் வைத்தால், அந்த அதிர்வை உணர்ந்து கருக்கள் நாளாவதற்கு முன்பே பொரிந்து தப்பித்துவிடும். 1995இல் உயிரியலாளர் கேரன் வார்கென்டின் இதை ஆராய்ந்து எழுதினார். அதைப் படித்த அன்று நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை.

பின்சேர்க்கை 2: சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். இந்தியாவில் சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினம் வைத்திருந்தால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கோடையில் நாள் முழுக்க ஏசி ஓட வேண்டியிருக்கும், அதையும் யோசியுங்கள். ஊரில் குளியலறைச் சுவரில் வந்து ஒட்டும் தேரையைப் பிடித்துப் பெட்டியில் போடலாமா என்றும் கேட்டார். வேண்டாம். அது தன் இஷ்டத்துக்கு வந்து பூச்சி தின்றுவிட்டுப் போகட்டும்.

பின்சேர்க்கை 3: பெட்டிக் கழிவுநீரைத் தோட்டத்தில் ஊற்றுவதாக ஒருவர் எழுதியிருந்தார். உடனே நிறுத்துங்கள். தவளைகளைக் கூட்டம் கூட்டமாக அழித்த கைட்ரிட் பூஞ்சை தண்ணீர் வழியாகப் பரவுவது. நான் கழிவுநீரில் பிளீச் கலந்து, ஒரு மணி நேரம் வைத்து, பிறகு கழிப்பறையில் ஊற்றுகிறேன். பழைய மண்ணையும் செடியையும் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறேன், உரக்குழிக்குப் போவதில்லை.