சூரிச்சில் எட்டு மணி நேரம்: ஒரே டிக்கெட்டில் ரயில், டிராம், படகு

சூரிச் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு எட்டு மணி நேரம் இருக்கிறதா? அதில் நான்கு மணி நேரம் உங்களுடையது. இறங்கி வெளியே வர ஒரு மணி, ரயிலில் போக வர ஒரு மணி, திரும்பி வந்து சோதனை வரிசைகளில் நிற்க இரண்டு மணி என்று கழித்துக்கொள்ளுங்கள். மொத்தமே ஆறு மணிக்குக் குறைவு என்றால் நான் போகச் சொல்லமாட்டேன்.

முதலில் விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, வேண்டும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் 2008 முதல் ஷெங்கனில் இருக்கிறது. அதனால் வேறு ஷெங்கன் நாடு கொடுத்த விசாவில் நாளும் நுழைவும் மிச்சமிருந்தால் போதும். கைப்பெட்டியை லாக்கரில் போட்டுவிடுங்கள். காலி தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டிக்கெட்: இங்கேதான் நிதானம் தேவை

இந்த ஊரில் நீங்கள் வாங்குவது ரயில் டிக்கெட்டோ டிராம் டிக்கெட்டோ அல்ல. ஒரு வட்டாரத்தையும் அதில் சுற்றும் நேரத்தையும் வாங்குகிறீர்கள். அந்த வட்டாரத்துக்குள், அந்த நேரத்துக்குள் எதில் வேண்டுமானாலும் ஏறலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம். இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இந்த வட்டாரங்களை மண்டலம் என்று எண்ணிட்டிருக்கிறார்கள்: நகரம் 110ஆம் மண்டலம், விமான நிலையம் 121. நகர மண்டலத்தை இரண்டாகக் கணக்கிடுவார்கள் என்பதால் உங்களுக்குத் தேவை மூன்று மண்டல டிக்கெட். எந்திரத்தில் 24 மணி நேர டிக்கெட்டையே தேர்ந்தெடுங்கள். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு டிக்கெட் எடுக்கும் அதே விலைதான். நடுவில் சுற்றுவது இனாம்.

திரையில் 1/1, 1/2 என்று இரண்டு விலை தெரியும். பாதி விலையைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். அது சிறுவர்களுக்கும், சுவிஸ் அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவர்களுக்கும் உரியது. நீங்கள் 1/1 எடுங்கள். பணம் யூரோ அல்ல, பிராங்க், கார்டு செல்லும்.

ரயில்

நிலையம் விமான நிலையத்தின் அடியிலேயே இருக்கிறது. பலகையில் 'சூரிச் எச்.பி.' (Zürich HB, நகரின் பிரதான ரயில் நிலையம்) என்று போட்டிருக்கும் எந்த ரயிலிலும் ஏறுங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். தடுப்புக் கதவு கிடையாது, டிக்கெட்டை யாரும் கேட்கவில்லையே என்று தோன்றும். திடீரென்று பரிசோதகர் வருவார். பெட்டியின் பக்கவாட்டில் பெரிதாக 1 அல்லது 2 என்று வகுப்பு எண் எழுதியிருக்கும், உங்களுடையது 2. நான் முதல் தடவை இதைக் கவனிக்காமல் 1இல் ஏறி, சீட் நன்றாக இருக்கிறதே என்று சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த அம்மா எண்ணைச் சுட்டிக் காட்டியதும் எழுந்து ஓடினேன்.

சுற்று

எச்.பி.யிலிருந்து வெளியே வந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் சென்ட்ரல் என்ற சந்திப்பு. அங்கே ஒரு கட்டடத்துக்குள் ஒளிந்த மாதிரி போலிபான் இருக்கிறது. 1889 முதல் ஓடும் குட்டி மலை ரயில், சிவப்புப் பெட்டி, இரண்டே நிமிடப் பயணம். ஞாயிறு விடுமுறை. மேலே இறங்கினால் ஐன்ஸ்டைன் படித்த ஈ.டி.எச். தொழில்நுட்பக் கல்லூரி; அதன் மாடத்திலிருந்து ஊர் முழுவதும் தெரியும்.

கல்லூரிக் கட்டடத்தைச் சுற்றி மறுபக்கம் போனால் டிராம் நிறுத்தம். 9ஆம் எண்ணில் ஏறி, ஏரிக்கரையில் பியூர்க்லிபிளாட்ஸில் இறங்குங்கள். எண்ணோடு டிராம் போய்ச் சேரும் ஊரின் பெயரையும் பாருங்கள், எதிர்த்திசையில் ஏறிவிடுவது எல்லோரும் செய்யும் தப்பு. கதவு தானாகத் திறக்கும் என்று நிற்காமல் பொத்தானை அழுத்துங்கள். இந்த ஊருக்கு ஏன் மெட்ரோ இல்லை என்று கேட்டால், மக்கள்தான் வேண்டாம் என்றார்கள்: 1962இலும் 1973இலும் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். அதனால் டிராம்தான் இங்கே ராஜா. பின் சீட்டிலிருந்து யாழ்ப்பாணத் தமிழ் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம், இங்கே ஈழத் தமிழர்கள் நிறையப் பேர்.

கோடைக்காலமாக இருந்தால் பியூர்க்லிபிளாட்ஸிலிருந்து லிம்மாட் ஆற்றுப் படகில் எச்.பி. பக்கம் திரும்பலாம். பாலங்கள் தாழ்வு என்பதால் படகைத் தட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். அதே டிக்கெட் செல்லும். குளிர்காலத்தில் 11ஆம் எண் டிராம், கடைவீதி வழியாக.

அப்புறம் அந்த பாட்டில். ஊரில் 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுகள். குடிக்கக்கூடாது என்று எழுதியிருந்தால் தவிர எல்லாவற்றிலும் பிடித்துக் குடிக்கலாம். சூரிச் விலைவாசியில் இது பெரிய விஷயம்.

திரும்பும்போது

நேரம் மிச்சமிருந்தால் ரயிலுக்குப் பதில் 10ஆம் எண் டிராம். அரை மணிக்கு மேல் ஆகும். ஆனால் சுற்றுலாக்காரர் பார்க்காத குடியிருப்புகள் வழியாகப் போகும். நேரம் இழுபறி என்றால் ரயிலே சரி.

போர்டிங் பாஸில் கேட் எண் E என்று தொடங்கினால் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். பாஸ்போர்ட் சோதனைக்குப் பிறகு ஓடுபாதைக்கு அடியில் போகும் ஸ்கைமெட்ரோ என்ற விமான நிலையக் குட்டி ரயிலில் ஏற வேண்டும். சுரங்கத்துக்குள் திடீரென்று மாடு கத்தும், கழுத்து மணி கேட்கும். ஒலிபெருக்கிதான்.