பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. உயிரியல்: முதல் வருடத்தை எப்படித் தொடங்குவது?

ஒவ்வொரு ஜூன் மாதமும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் வகுப்புகளில் வந்து உட்காரும் பிள்ளைகளில் பலருக்கு முகம் வாடித்தான் இருக்கும். டாக்டர் சீட் கிடைக்கவில்லை, அதனால் இங்கே வந்தோம் என்ற நினைப்பு. நானும் அப்படி வந்தவன்தான். அம்பாசமுத்திரம் பக்கம் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, பாளையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தேன். முதல் வருடத்தை வருத்தப்பட்டே கழித்தேன். உங்களுக்கு அந்த வருடம் வீணாகக் கூடாது. என்ன செய்தால் நல்லது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

1878இல் தொடங்கிய தூய யோவான் கல்லூரி, பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி, 1923இல் இயேசு சபையினர் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, 1971இல் வந்த சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி எல்லாம் பாளையங்கோட்டையிலேயே இருக்கின்றன. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். பட்டம் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடையது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் கல்லூரியே தயாரிக்கும்.

ஆபீசில் முதலில் கேளுங்கள்: இந்தப் பிரிவு எய்டடா (அரசு உதவி பெறுவதா), சுயநிதியா (கல்லூரியே கட்டணம் வாங்கி நடத்துவதா)? ஒரே கல்லூரிக்குள்ளேயே கட்டணம் பெரிதாக மாறும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர் என்றால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் (மாணவிகளுக்கு), தமிழ்ப் புதல்வன் (மாணவர்களுக்கு) திட்டங்களைப் பற்றியும் கேளுங்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு.

இன்னொன்று. பி.எஸ்சி. விலங்கியலோ நுண்ணுயிரியலோ முடித்தால் ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்யும் டெக்னீஷியன் ஆகிவிடலாம் என்று ஊரில் சொல்வார்கள். அந்த வேலைக்கான படிப்பு மெடிக்கல் லேப் டெக்னாலஜி. அது வேறு வழி. அந்த வேலைதான் வேண்டும் என்றால் சேரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

படி 2: ஜெபமும் பரிணாமமும்

காலை முதல் மணிக்கு முன் மைக்கில் ஜெபம் கேட்கும். எழுந்து அமைதியாக நின்றால் போதும். கத்தோலிக்கக் கல்லூரிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் நடக்கும். அதற்கும் தேர்வு உண்டு, அதனால் விட்டுவிடாதீர்கள்.

சமயக் கல்லூரியில் டார்வினை ஒழுங்காக நடத்துவார்களா என்று வீட்டில் கேட்பார்கள். நடத்துவார்கள், பாடத்திட்டத்தில் இருக்கிறது. மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் ஒரு துறவி. ப்ரனோ நகரத்து அகஸ்தீனியர் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணிப் பார்த்து, 1866இல் கட்டுரையாக வெளியிட்டார். பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று 1996இல் போப் இரண்டாம் ஜான் பாலே சொன்னார். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் வகுப்பிலேயே கேளுங்கள். என் ஆசிரியர்களில் ஒரு பாதிரியாரும் இருந்தார். அவரிடம் கேட்டு நான் திட்டு வாங்கியதே இல்லை.

படி 3: ஆங்கிலச் சொல்லை உடைத்துப் படிப்பது

தமிழ் வழியில் வந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் கஷ்டம்தான். பெரும்பாலான கலைச்சொற்கள் கிரேக்க, லத்தீன் வேர்களால் ஆனவை, அதனால் வேரைப் பிடித்தால் போதும். சைட்டோ என்றால் செல், ஹீமோ என்றால் ரத்தம், ஹெபாட்டோ என்றால் கல்லீரல், லைசிஸ் என்றால் உடைதல், ஐட்டிஸ் என்றால் அழற்சி. ஹீமோலைசிஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் ரத்தச் சிவப்பணு உடைவது என்று தானாகப் புரியும். ஒரு நாற்பது பக்க நோட்டில் வேர், தமிழ்ப் பொருள், ஒரு எடுத்துக்காட்டு என்று தினமும் ஐந்து எழுதுங்கள். பிளஸ் டூ தமிழ் வழி உயிரியல் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கருத்து புரியாத இடத்தில் அதுதான் கை கொடுக்கும்.

படி 4: வெங்காய வேர் ஸ்லைடு

முதல் வருடத்தில் கையும் கண்ணும் பழகுவதற்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது. செல் பிரிவதைப் படத்தில் பார்ப்பது வேறு, நீங்களே செய்த ஸ்லைடில் பார்ப்பது வேறு.

வீட்டிலேயே தொடங்கலாம். மார்க்கெட்டில் நாலைந்து சின்ன வெங்காயம் வாங்கி, அடியில் காய்ந்து கிடக்கும் பழைய வேரை மெதுவாகச் சுரண்டி எடுங்கள். குறுக்கே இரண்டு ஈர்க்குச்சி குத்தி, தண்ணீர் நிரம்பிய டம்ளர் வாயில் உட்கார வையுங்கள். அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும், முழுதாக மூழ்கினால் அழுகிவிடும். தண்ணீரைத் தினமும் மாற்றினால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கும். இனி மற்றதெல்லாம் லேபில்தான். அமிலத்தை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

காலையில் வேர் நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலம், மூன்று பங்கு ஆல்கஹால் கலவையில் ஒரு நாள் முழுக்கப் போட்டு வையுங்கள். வெட்டிய நேரத்தில் செல் எந்த நிலையில் இருந்ததோ அப்படியே அது நின்றுவிடும். மறுநாள் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் லேசாகச் சூடு காட்டுங்கள். செல்லோடு செல்லை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் இளகும். இதை அவசரமாகச் செய்தால் பிறகு நசுக்கும்போது செல் பிரியாமல் கட்டியாக நிற்கும். கொதிக்க விட்டால் எல்லாம் கரைந்து போகும்.

தண்ணீரில் கழுவி, அசிட்டோகார்மைன் என்ற சாயத்தில் போட்டதும் நுனி அடர்சிவப்பாகும். அந்த அடர்ந்த ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான் நமக்கு வேண்டியது, மிச்சத்தைத் தள்ளிவிடுங்கள். செல் பிரிவது நுனியில் உள்ள ஆக்குத்திசுவில்தான். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் நீளமான வேரையே வைத்து நசுக்கிவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்.

இப்போது ஒரு சொட்டுச் சாயம், அதன் மேல் சாய்வாக இறக்கிய கவர் ஸ்லிப். ஊசியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். மடித்த ஃபில்டர் பேப்பரை மேலே வைத்து, கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். கவர் ஸ்லிப் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் சுருண்டுவிடும். என் முதல் மூன்று ஸ்லைடும் அப்படித்தான் போயின. அப்புறம் லேப் அண்ணாச்சி என் கையைப் பிடித்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டினார்.

மைக்ராஸ்கோப்பில் முதலில் 10 மடங்கு லென்ஸ். சதுரமான, நெருக்கமான செல்களைத் தேடுங்கள். நீளநீளமாக இருந்தால் தவறான இடத்தில் நிற்கிறீர்கள். சரியான இடம் கிடைத்ததும் 45க்கு மாறுங்கள். அங்கே பெரிய திருகைத் தொடவே கூடாது, சிறிய திருகு மட்டும். பல செல்கள் சும்மா இருப்பதுபோலத்தான் தெரியும். பொறுமையாக நகர்த்தினால் நூல்கண்டு போல ஒன்று, நடுக்கோட்டில் வரிசை கட்டியது ஒன்று, இரண்டாகப் பிரிந்து விலகுவது ஒன்று என்று வரும். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம். எண்ணிப் பாருங்கள், சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் நூறு செல்களை எண்ணி, அதில் எத்தனை பிரிகின்றன என்று குறித்தால் அதுதான் மைட்டாட்டிக் இண்டெக்ஸ்.

படி 5: ரெக்கார்டு நோட்

சீனியர் நோட்டைப் பார்த்து வரையாதீர்கள். நான் வரைந்தேன். செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் படத்தைக் காட்டி, இது உன் ஸ்லைடில் எங்கே என்றார். பதில் இல்லாமல் நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. ஹெச்.பி. பென்சிலால், கண்ட செல்லை மட்டும், எத்தனை மடங்கு பெரிதாக்கிப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதி வரையுங்கள். குறியிடும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. புத்தகப் படம்போல அழகாக இல்லாவிட்டாலும் அது உங்கள் படம்.

படி 6: ஊரையே பாடமாக்குவது

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. மஞ்சள் மூக்கு நாரை அங்கே ஊருக்குள் மரத்தில் கூடு கட்டும், மக்கள் அதைத் தொந்தரவு செய்வதில்லை. மலச்சிக்கல் மருந்தாக உலகச் சந்தையில் திருநெல்வேலிப் பெயரோடேயே விற்கும் நிலாவாரையை நம் தாத்தாக்கள் பயிர் செய்தார்கள். அதன் இலையிலுள்ள சென்னோசைடு என்ற கிளைக்கோசைடுதான் (சர்க்கரையோடு இணைந்த வேதிப்பொருள்) குடலில் வேலை செய்கிறது. உயிர்வேதியியல் வகுப்பில் கிளைக்கோசைடு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: இரண்டாம் வருடத்திலிருந்து

எம்.எஸ்சி.க்கு நுழைவுத் தேர்வுகள் உண்டு: ஐ.ஐ.டி.களில் சேர ஜாம், உயிரித் தொழில்நுட்பத்துக்கு காட்-பி, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பிஜி. மூன்று இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். ஆசிரியர் ஒருவர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும், அதனால் உங்களை அறிந்த ஒரு ஆசிரியராவது இருக்கட்டும். லேப் முடிந்ததும் உடனே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாமல் பத்து நிமிடம் நின்று ஸ்லைடைக் காட்டிப் பேசினால் அவருக்கு உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

சரி, இன்று செய்ய வேண்டியது சின்ன வெங்காயம் வாங்குவதுதான். புதன்கிழமை சாயங்காலம் டம்ளரில் வைத்தால் சனிக்கிழமை காலையில் வேர் தயாராக இருக்கும்.